அரசரின் நேற்றைய நாள்

லண்டனில் அச்சாகும் 'தி டைம்ஸ்' நாளிதழின் பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் ஒரு பத்தி வரும். 'கோர்ட் சர்க்குலர்' என்பது அதன் தலைப்பு. இங்கே கோர்ட் என்றால் அரசவை. 'டெய்லி டெலிகிராஃப்', 'தி ஸ்காட்ஸ்மன்' ஆகிய இதழ்களிலும் இதே பத்தியைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் அரசரும் அவர் குடும்பத்தாரும் முந்தைய நாள் என்னென்ன பொதுக் காரியங்கள் செய்தார்கள் என்பதன் அதிகாரபூர்வப் பதிவு அது. அரண்மனை அலுவலர்கள் தொகுக்கிறார்கள். அதில் என்ன இருக்கவேண்டும், எப்படி எழுதவேண்டும் என்பதை முடிவுசெய்பவர் அரசரே.

முதலில் அரண்மனையின் பெயர், அடுத்துத் தேதி. அரசர் காலையில் இன்ன நாட்டுத் தூதரை வரவேற்றார், தூதர் தம் நியமனப் பத்திரங்களை அளித்தார் என்று ஒரு வாக்கியம். பிரதமர் மாலையில் அரசரைச் சந்தித்தார் என்று இன்னொன்று. கீழே வேறொரு அரண்மனையின் பெயர். அரசரின் தங்கை இளவரசி ஆன் இன்ன அமைப்பின் புரவலர் என்ற முறையில் இன்ன ஊரிலிருக்கும் இன்ன இல்லத்தைப் பார்வையிட்டார், அந்த மாவட்டத்தின் லார்ட் லெப்டினன்ட் அவரை வரவேற்றார். அவ்வளவுதான். மழை பெய்ததா, கூட்டம் திரண்டதா, இளவரசி யாரோடு சிரித்துப் பேசினார் என்று எதுவும் கிடையாது. நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது என்றுகூட எழுதமாட்டார்கள். வந்தார், பார்த்தார், வரவேற்கப்பட்டார் என்பதோடு நிற்கும்.

அந்தச் சில வாக்கியங்களுக்குள் ஒரு சமூக அமைப்பே அடங்கியிருக்கிறது. வரவேற்ற லார்ட் லெப்டினன்ட் அந்த மாவட்டத்தில் அரசரின் பிரதிநிதி என்பதால் அவருடைய பெயர் பட்டங்களோடு அச்சாகும். அந்த இல்லத்தில் பத்தாண்டுகளாக இரவுப் பணி பார்க்கும் செவிலியரின் பெயர் அச்சாகாது. இளவரசி அவர் கையைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசியிருந்தாலும் பதிவுக்கு அவர் இல்லாதவர்தான். யார் முன்னிலையில் நடந்தது என்பதைச் சொல்லும் இந்தப் பத்தி, யாருக்காக நடந்தது என்பதைச் சொல்வதில்லை. இதை வாசிக்கும் எவரும் முதலில் கவனிக்கவேண்டிய குறை இது. இருந்தும் இந்த வறண்ட பத்தியை நான் மதிக்கிறேன். அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

1803இல் மூன்றாம் ஜார்ஜ் இதைத் தொடங்கிவைத்தார். தாம் எங்கே இருக்கிறோம், எங்கே போனோம் என்று பத்திரிகைகள் தவறுதவறாக எழுதுவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1788இல் அவருக்கு வந்த மனநோய் நாடறிந்த விஷயம். அதற்குப் பிறகு அரசர் வெளியே வந்தாரா இல்லையா என்பதே அரசியல் செய்தியாகிவிட்டது. 1803இல் பிரான்சோடு மறுபடி போர் மூண்டிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் அரசரின் நடமாட்டத்தைப் பற்றிய ஒரு பொய்ச்செய்தி வெறும் வம்பாக நின்றுவிடாது. அதனால் செய்தியைத் தாமே தருவதென்று அவர் முடிவெடுத்தார். அரசவைச் செய்தியாளர் ஒருவரை நியமித்தார். நாள்தோறும் காலைப் பத்திரிகைகளுக்கு அறிக்கையைக் கொண்டுசேர்ப்பது அவருடைய வேலை. மக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த பதிவு அல்ல இது. தம்மைப் பற்றிய பேச்சு தம் கையில் இருக்கவேண்டும் என்று ஓர் அரசர் விரும்பியதால் பிறந்தது.

அந்தப் பிறவிக்குணம் வெகுகாலம் இதை விட்டுப் போகவில்லை. 1861 டிசம்பரில் அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் விண்ட்சர் கோட்டையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை, சளிக்காய்ச்சலும் கைகால் வலியும் என்ற அளவில்தான் கோர்ட் சர்க்குலர் சொல்லிவந்தது. டிசம்பர் 14 இரவு அவர் இறந்தார். நாட்டு மக்களுக்கு அது இடி விழுந்ததுபோல. ஒரு சொல்லும் பொய்யில்லாத அறிக்கை ஊரையே இருட்டில் வைத்திருக்கமுடியும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

கணவரை இழந்த விக்டோரியா பொது நிகழ்ச்சிகளுக்கு வருவதை ஏறத்தாழ நிறுத்தினார். 1864 ஏப்ரல் தொடக்கத்தில், அரசி துக்கத்திலிருந்து மீண்டு வெளியே வரப்போகிறார் என்ற தொனியில் 'தி டைம்ஸ்' எழுதியது. அரசிக்குக் கோபம். ஏப்ரல் 6 இதழில், அரசவைச் செய்திகள் வரும் இடத்தில், கையொப்பமில்லாத ஒரு கடிதம் வந்தது. பழையபடி சமூகத்தில் தம் இடத்தை எடுத்துக்கொள்ளப்போவதாகப் பரவியிருக்கும் எண்ணம் தவறானது என்று அது மறுத்தது. எழுதியவர் விக்டோரியாவேதான். நாட்டின் தலைவி, தான் ஏன் வேலைக்கு வரவில்லை என்று பத்திரிகைக்குப் பெயரில்லாமல் விளக்கம் எழுதவேண்டிய கட்டாயம் வந்ததைக் கவனியுங்கள். அறுபது ஆண்டுகளாக நாள்தோறும் அரசவைச் செய்தியை வாசித்துப் பழகிய மக்கள், அது வெறுமையாகக் கிடக்கும்போது கேள்வி கேட்கவும் பழகிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழ், அரசியின் பணியாளரான ஜான் பிரவுனின் நாளை கோர்ட் சர்க்குலரின் நடையிலேயே எழுதி வெளியிட்டது. ஒரு நடையை இப்படிக் கேலி செய்யவேண்டுமென்றால் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் அது மனப்பாடமாகியிருக்கவேண்டும்.

இந்தப் பதிவின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப்படும் ஆண்டு 1936. எட்டாம் எட்வர்ட் அரியணையில் இருந்தார். அமெரிக்கரான வாலிஸ் சிம்ப்சனை அவர் காதலிப்பது அமெரிக்கப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் மூச்சுவிடவில்லை. முதலாளிகளும் ஆசிரியர்களும் தாங்களாகவே வாயைக் கட்டிக்கொண்டார்கள். டிசம்பர் 3ஆம் தேதிவரை அந்த மௌனம் நீடித்தது. அந்த மௌனத்துக்கு நடுவிலும் ஓர் இடத்தில் வாலிஸின் பெயர் அச்சாகியது. கோர்ட் சர்க்குலரில்.

மே 27 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையை ஒட்டிய யார்க் இல்லத்தில் அரசர் ஒரு விருந்து கொடுத்தார். பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினும் அவர் மனைவியும் வந்தார்கள். விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் வந்தார். திரு, திருமதி எர்னஸ்ட் சிம்ப்சனும், அதாவது வாலிஸும் அவர் கணவரும், வந்தார்கள். என் பிரதமர் என் வருங்கால மனைவியைச் சந்தித்துத்தானே ஆகவேண்டும் என்ற பொருளில் எட்வர்ட் தன்னிடம் சொன்னதாக வாலிஸ் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். விருந்தினர் பெயர்கள் கோர்ட் சர்க்குலரில் வந்தன. ஜூலை 9 அன்று இன்னொரு விருந்து. அந்தப் பட்டியலிலும் திருமதி சிம்ப்சன் இருந்தார். கணவர் பெயர் இல்லை. விருந்துப் பட்டியலில் காணாமல்போன அந்த ஒரு பெயர், விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரு தலையங்கத்துக்குச் சமம்.

செப்டம்பரில் நடந்தது இதைவிடத் துலக்கமானது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் புதிய மருத்துவமனைக் கட்டடத்தைத் திறந்துவைக்க அரசரை அழைத்திருந்தார்கள். தந்தை ஐந்தாம் ஜார்ஜ் அவ்வாண்டு ஜனவரியில் இறந்திருந்தார். அரசவை துக்கம் காப்பதால் வர இயலாது என்று எட்வர்ட் சொல்லிவிட்டார். செப்டம்பர் 23 அன்று அவருக்குப் பதிலாகத் தம்பி யார்க் கோமகன் மனைவியோடு வந்து மருத்துவமனையைத் திறந்தார். இறந்தவர் தம்பிக்கும் தந்தைதான் என்பதை அபர்டீன் மக்கள் எண்ணிப்பார்க்காமல் இருந்திருக்கமாட்டார்கள். அதே நாளில் அரசர் தாமே காரை ஓட்டிக்கொண்டு அபர்டீன் ரயில் நிலையத்துக்கு வந்தார், வாலிஸை அரச குடும்பத்தின் பால்மோரல் கோட்டைக்கு அழைத்துப்போக. இரண்டு செய்திகளும் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒன்றாக வந்தன. பால்மோரலுக்கு வந்த விருந்தினர் வரிசையில் வாலிஸின் பெயர் கோர்ட் சர்க்குலரில் இடம்பெற்றது.

மூன்றே மாதத்தில், வாலிஸை மணப்பதற்காக, எட்வர்ட் முடி துறந்தார். மருத்துவமனையைத் திறந்த தம்பி ஆறாம் ஜார்ஜ் ஆனார். திருமண விவகாரத்தில் அரசியல் சட்டமும் மதமும் பேசப்பட்டன, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அபர்டீன் மக்களைப் பொறுத்தவரை கேள்வி எளிமையானது. எங்கே வரவேண்டியவர் எங்கே போனார்? காதலித்ததற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நோயாளிகளுக்கான ஒரு கட்டடத்தின் வாசலுக்கு வராததற்கு அவர் சொன்ன காரணம் பொய் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தப் பொய் வெளிப்பட, வந்தது வராதது இரண்டுக்கும் தேதியோடு சாட்சி இருந்தது உதவியது.

அரசர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட இந்தப் பதிவு குடிமக்கள் பக்கம் திரும்பியது மெல்ல மெல்ல நடந்த மாற்றம். அதில் தனி இடம் டிம் ஓ'டோனவன் என்பவருக்கு உண்டு. இன்ஷூரன்ஸ் தரகராக இருந்தவர், விண்ட்சருக்குப் பக்கத்தில் டாட்செட் என்ற ஊர்க்காரர். அரண்மனையில் எந்தப் பதவியும் இல்லாத நிலையில், 1979 முதல் 'தி டைம்ஸ்' இதழின் கோர்ட் சர்க்குலரை நாள் தவறாமல் கத்தரித்துச் சேர்த்து, அரச குடும்பத்தில் ஒவ்வொருவரும் எத்தனை நிகழ்ச்சிகளில் பங்கேற்றார்கள் என்று எண்ணத் தொடங்கினார். ஆண்டு முடியும் தறுவாயில் அந்த எண்ணிக்கையை அதே 'தி டைம்ஸ்' இதழுக்கு ஆசிரியர் கடிதமாக எழுதுவார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்தார். அரச குடும்பத்தில் அதிகம் உழைப்பவர் யார் என்ற ஆண்டிறுதிச் செய்தி, உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்ததெல்லாம் பெரும்பாலும் இவர் மேசையிலிருந்து கிளம்பியதே. இளவரசி ஆனின் பெயர் அந்தப் பட்டியல்களின் உச்சியில் அடிக்கடி வந்தது. விளம்பரத்தை விரும்பாத, உடையிலோ பேட்டியிலோ கவனத்தை ஈர்க்காத ஒரு பெண்ணின் உழைப்பை உலகம் அறிந்துகொண்டது இந்தப் பத்தியை ஒருவர் பொறுமையாக எண்ணியதால்தான். ஓ'டோனவன் அரச குடும்பத்தின் மேல் பற்றுள்ளவர். அந்தப் பற்றே அவரைக் கணக்காளராக்கியது என்பதில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. நேசிப்பவர்கள் கணக்குக் கேட்கக்கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

அரண்மனையும் எண்ணத் தொடங்கியது. எலிசபெத் அரசியின் கணவர் ஃபிலிப் 2017 ஆகஸ்ட் 2 அன்று, தொண்ணூற்றாறு வயதில், பக்கிங்ஹாம் அரண்மனை முற்றத்தில் கொட்டும் மழையில் ராயல் மரீன் படையினரின் அணிவகுப்பை ஏற்றுப் பொதுவாழ்விலிருந்து ஓய்வுபெற்றார். 1952 முதல் அவர் தனியாகக் கலந்துகொண்ட நிகழ்ச்சிகள் 22,219 என்று அரண்மனை அறிவித்தது. தனியாகச் சென்ற வெளிநாட்டுப் பயணங்கள் 637, ஆற்றிய உரைகள் 5,496. 22,219 முறை ஒரு மனிதர் காரிலிருந்து இறங்கி, வரிசையில் நிற்பவர்களிடம் கை குலுக்கியிருக்கிறார். அரசாட்சி என்பது இன்று பெரும்பகுதி இந்த நிற்பதும் நடப்பதும் கேட்பதும்தான்.

எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. தூதர் ஒருவரோடு நடக்கும் சிறிய சந்திப்பும் ஒன்று, நாள் முழுக்க நீளும் பயணத்தின் ஒரு கட்டமும் ஒன்று. ஒரே ஊரில் மூன்று இடம் பார்த்தால் அதை ஒன்றென எண்ணுவதா மூன்றென எண்ணுவதா என்பது எண்ணுபவரைப் பொறுத்தது. அந்த வருகையால் என்ன விளைந்தது என்பதற்கும் எண்ணிக்கையில் இடமில்லை. 1997 அக்டோபரில் எலிசபெத் அரசி சென்னைக்கு வந்தபோது, தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவுக்குப் போனார். படம் இன்றுவரை முடியவில்லை. அரசியின் கணக்கில் அந்த நிகழ்ச்சி நிறைவேறிய ஒன்று. ஆகவே எண்ணிக்கையை வைத்து இவர் நல்லவர், அவர் சோம்பேறி என்று தீர்ப்பெழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணுவதற்கு ஒரு பதிவு இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் எடுத்து எண்ணலாம் என்பதில்தான் என் அக்கறை.

அந்தப் பதிவின் மேல் மக்கள் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்பது 2024இல் தெரிந்தது. வேல்ஸ் இளவரசி கேத்தரின் வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. வதந்திகள் கட்டுக்கடங்காமல் போயின. மார்ச் 10 அன்று, பிரிட்டனின் அன்னையர் தினத்தில், அவர் குழந்தைகளோடு இருக்கும் புகைப்படம் ஒன்றை அரண்மனை வெளியிட்டது. படம் திருத்தப்பட்டிருக்கிறது என்று பெரிய செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப்பெற்றன. மார்ச் 22 அன்று தமக்குப் புற்றுநோய் இருப்பதாக இளவரசியே காணொளியில் சொன்னார். கீமோதெரபி முடிந்ததாகச் செப்டம்பர் 9 அன்று அறிவித்தார். செப்டம்பர் 17ஆம் தேதிக்கான கோர்ட் சர்க்குலரில், குழந்தைகளின் தொடக்க ஆண்டுகள் குறித்த கூட்டம் ஒன்றை அவர் விண்ட்சர் கோட்டையில் நடத்தினார் என்று ஒரே ஒரு வாக்கியம் வந்தது. புகைப்படமோ காணொளியோ இல்லை. இளவரசி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று உலகப் பத்திரிகைகள் அந்த ஒரு வாக்கியத்தை ஆதாரமாக வைத்து எழுதின. கண்ணால் பார்த்த படத்தை நம்பாதவர்கள் கருப்பு வெள்ளையில் வந்த ஒரு வாக்கியத்தை நம்பினார்கள். இருநூறு ஆண்டுகளாக அலங்காரமில்லாமல், ஒரே குரலில், நாள்தோறும் வந்துகொண்டிருந்ததால் அதற்குக் கிடைத்த நம்பிக்கை அது. நான் தேடிய மதிப்பின் ஊற்றும் இதுதான்.

இனி அது சொல்லாததற்கு வருகிறேன்.

அரசர் பிரதமரைச் சந்தித்தார் என்ற வாக்கியம் நாடாளுமன்றம் நடக்கும் காலங்களில் ஏறக்குறைய வாரந்தோறும் வரும். உள்ளே என்ன பேசினார்கள் என்பது ஒருபோதும் வராது. அந்த அறையில் மூன்றாமவர் இல்லை, குறிப்பெடுக்கும் வழக்கமும் இல்லை. கலந்தாலோசிக்கப்படவும், ஊக்கமளிக்கவும், எச்சரிக்கவும் அரசருக்கு உரிமை உண்டென்று பிரிட்டிஷ் அரசியல் சட்டத்தைப் பற்றி எழுதிய வால்டர் பேஜட் 1867இல் வகுத்துச் சொன்னார். அந்த மூன்று உரிமைகளும் பயன்படும் இடம் அதே அறைதான். ஆக, சடங்கைப் பற்றி அங்குலம் அங்குலமாகச் சொல்லும் பதிவு, அதிகாரம் தொடங்கும் வாசலில் நின்றுவிடுகிறது.

இன்றைய அரசர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்கள் இதற்குச் சரியான சான்று. 2004, 2005ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட அந்தக் கடிதங்களைக் கேட்டு 'கார்டியன்' செய்தியாளர் ராப் எவன்ஸ் 2005இல் தகவலுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார். அரசு மறுத்தது. வழக்கு தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று ஏறி இறங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 மார்ச்சில் எவன்ஸ் தரப்பு வென்றது. அவ்வாண்டு மே மாதம் 27 கடிதங்களும் குறிப்புகளும் வெளிவந்தன. ராணுவத்துக்கான ஹெலிகாப்டர், கால்நடைகளின் காசநோய், மூலிகை மருந்து என்று பல விஷயங்களில் இளவரசர் அமைச்சர்களிடம் கருத்துச் சொல்லியிருந்தார். சில கருத்துகள் நியாயமானவை. கேள்வி அவற்றின் நியாயத்தைப் பற்றியது அன்று. தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு குடிமகனுக்குப் பத்தாண்டுகள் ஆயின.

இனி பத்தாண்டு காத்திருந்தாலும் கிடைக்காது. அரசர், பட்டத்து வாரிசு, அவருக்கு அடுத்த வாரிசு ஆகிய மூவரோடும் நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு, பொதுநலன் என்ற காரணத்தைக் காட்டியும் உடைக்கமுடியாத முழு விலக்கை 2010இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் கொடுத்துவிட்டது. 2011 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அரச மாளிகை நிர்வாகமோ தொடக்கத்திலிருந்தே தகவலுரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை.

இந்த மறைப்புக்கு எதிரே கோர்ட் சர்க்குலரின் மரபை வைத்துப்பாருங்கள். 2022 செப்டம்பர் 6 அன்று, தொண்ணூற்றாறு வயதில், பால்மோரலில் எலிசபெத் அரசி ஒரு பிரதமரின் ராஜினாமாவை ஏற்று இன்னொருவரை நியமித்தார். மறுநாள் நடக்கவிருந்த பிரிவி கவுன்சில் என்ற அரச ஆலோசனை அவையின் கூட்டம் மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னதால் தள்ளிப்போனது. அதற்கு அடுத்த நாள் அவர் இறந்தார். சாவதற்கு இரண்டு நாள் முன்புவரை செய்த வேலையைக் குடிமக்களிடம் சொல்லிவிட்டுப்போன ஒரு மரபு, அந்த வேலையின் உள்ளடக்கத்தைச் சொல்ல ஏன் அஞ்சவேண்டும்? அந்தரங்கம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நோயும் குடும்பத் துயரும் அவர்களுடையவை, அவற்றைத் துருவ யாருக்கும் உரிமையில்லை. அமைச்சருக்கு எழுதும் கடிதம் அந்த வகையில் சேராது. 2011இல் போட்ட பூட்டை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் திறக்கவேண்டும். அரசர் அமைச்சர்களோடு கொள்ளும் கடிதப் போக்குவரத்து, பேச்சுவார்த்தை ஆகியவற்றின் சுருக்கமாவது, ஐந்தாண்டு கழித்தாவது, அதே சிறிய எழுத்தில் வெளிவரவேண்டும்.